விற்கப் போகும் வீட்டைக் காட்டுவது: ஒரு பழைய கலையின் வரலாறு

நம் குடியிருப்பில் வீட்டை விற்க முடிவு செய்தவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்கும் கேள்வி, "பார்க்க வர்றவங்களுக்கு வீட்டை எப்படிக் காட்டறது?" என்பதுதான். ஒருவர் முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்கச் சொல்வார். இன்னொருவர், "அடிக்காதீங்க, புது பெயின்ட் வாசனை வந்தாலே எதையோ மறைக்கிறாங்கன்னு நினைப்பாங்க" என்பார். மூன்றாமவர் சாமான்களை எல்லாம் காலி செய்துவிட்டுக் காட்டச் சொல்வார். புரோக்கருக்கு வேறொரு யோசனை இருக்கும்.

இது நம் காலத்துக் குழப்பம் என்று நினைத்துவிட வேண்டாம். விற்கும் வீட்டை எவ்வளவு அலங்கரிக்கலாம், எதைச் சொல்லாமல் விடலாம், எந்த இடத்தில் அலங்காரம் ஏமாற்றாக மாறுகிறது என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் விவாதித்து வந்திருக்கிறார்கள். அந்த விவாதம் நம் நாட்டுச் சட்டத்திலும் 1882-லேயே இடம்பிடித்துவிட்டது.

சங்கத்தின் செய்திமடலில் இதை எழுத ஒரு காரணம் உண்டு. தனி வீட்டை விற்பவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால், பிறகு வரும் தகராறு பெரும்பாலும் அந்த இருவருக்குள்தான் இருக்கும். அடுக்குமாடியில் அப்படி இல்லை. விற்றவர் போய்விடுவார். வாங்கியவர் நம் பக்கத்து வீட்டுக்காரராக, சங்க உறுப்பினராக இங்கேயே இருப்பார். விற்றவர் பெயின்ட் அடித்து மறைத்த நீர்க்கசிவு, அடுத்த மழைக்காலத்தில் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்குமான சண்டையாகச் சங்கக் கூட்டத்துக்கு வந்து சேரும். ஆகவே ஒரு வீடு எப்படிக் காட்டப்படுகிறது என்பதில் நம் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது.

சிரக்கூசில் ஒரு மீன் விருந்து

பார்க்க வருபவருக்காக ஜோடிக்கப்பட்ட வீட்டின் கதைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்றை எழுதி வைத்தவர் ரோமானிய அறிஞர் சிசெரோ. கி.மு. 44-ல், ஏதென்சில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காக அவர் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் இந்தக் கதை வருகிறது.

கானியுஸ் என்ற ரோமானியச் சீமான் ஓய்வுக்காகச் சிசிலித் தீவிலுள்ள சிரக்கூஸ் நகரத்துக்குப் போனார். நண்பர்களை அழைத்து நிம்மதியாகப் பொழுதுபோக்க ஒரு தோட்ட வீடு வாங்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் வட்டிக்கடை நடத்திய பித்தியுஸ் காதுக்கு இது எட்டியது. அவர், "என்னிடம் கடற்கரையில் ஒரு தோட்டம் இருக்கிறது, விற்பதற்கில்லை. ஆனால் உங்கள் வீடு போல நினைத்து வாருங்கள்" என்று மறுநாள் விருந்துக்கு அழைத்தார்.

அழைத்த கையோடு ஊர் மீனவர்களைக் கூப்பிட்டு, நாளைக்கு என் தோட்டத்துக்கு எதிரில்தான் எல்லோரும் மீன் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். மறுநாள் கானியுஸ் வந்தார். சாப்பாடு பிரமாதம். கண்ணெதிரே கடல் நிறையப் படகுகள். மீனவர்கள் வரிசையாக வந்து, பிடித்த மீனை எல்லாம் பித்தியுஸின் காலடியில் கொட்டினார்கள். இதென்ன இத்தனை மீன், இத்தனை படகு என்று கானியுஸ் வியந்தார். ஊருக்கு மீன் கிடைப்பதே இந்த இடத்தில்தான், குடிதண்ணீர் எடுப்பதும் இங்கேதான், இந்த வீடு இல்லாமல் இவர்களுக்குப் பிழைப்பே இல்லை என்றார் பித்தியுஸ்.

கானியுஸுக்கு ஆசை பற்றிக்கொண்டது. விற்றே ஆக வேண்டும் என்று கெஞ்சினார். பித்தியுஸ் முதலில் பிகு செய்து, பிறகு மனமில்லாதவர் போல ஒப்புக்கொண்டார். கேட்ட விலைக்கு, உள்ளே இருந்த சாமான்களோடு சேர்த்து வீடு கைமாறியது.

மறுநாள் புது வீட்டுக்கு நண்பர்களை அழைத்த கானியுஸ், அவர்களுக்கு முன்பே வந்து பார்த்தார். கடலில் ஒரு துடுப்பைக்கூடக் காணவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம், இன்று மீனவர்களுக்கு ஏதாவது பண்டிகையா என்று கேட்டார். அப்படி எதுவும் எனக்குத் தெரியாது, இங்கே யாரும் மீன் பிடிப்பதே கிடையாது, நேற்று ஏன் அவ்வளவு கூட்டம் என்றுதான் எனக்கும் புரியவில்லை என்றார் அவர்.

கானியுஸுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. வெளியே ஒன்றைக் காட்டி உள்ளே வேறொன்றைச் செய்வதை வஞ்சகம் என்று வழக்காடும் வழி அப்போது ரோமில் இல்லை. அந்த வழியைப் பின்னால் ஏற்படுத்தியவர் அக்விலியுஸ் கல்லுஸ் என்ற சட்ட அறிஞர். கி.மு. 66-ல் சிசெரோவோடு நீதித்துறைப் பதவி வகித்தவர் அவர்.

இந்தக் கதையில் பித்தியுஸ் வீட்டைப் பெருக்கியதையோ, நல்ல சாப்பாடு போட்டதையோ சிசெரோ குறையாகச் சொல்லவில்லை. இல்லாத மீனைக் காட்டியதுதான் குற்றம். உண்மை கடைசியில் யார் மூலம் வெளியே வந்தது என்பதையும் கவனியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மூலம்தான். அடுக்குமாடியில் இருக்கும் நமக்கு இது மிகவும் பழக்கமான விஷயம்.

சொல்லாமல் இருப்பது பொய்யா?

பித்தியுஸ் நாடகம் ஆடினார். ஆனால் நாடகமே ஆடாமல், பேசாமல் இருந்துவிட்டால்? அதே நூலில் சிசெரோ இன்னொரு வீட்டைப் பற்றிச் சொல்கிறார். அந்த வீடு பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் குடியிருந்தால் நோய் வரும், படுக்கையறைகளில் பாம்பு வரும், மரம் சரியில்லை, எப்போது வேண்டுமானாலும் விழலாம். இது வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரியும். அவர் வாய் திறக்காமல் நல்ல விலைக்கு விற்றுவிட்டால் அது தவறா?

பாபிலோன் ஊர் தியோகேனஸ், அவருடைய மாணவர் அந்திபாத்தர் என்ற இரண்டு கிரேக்கத் தத்துவ ஞானிகள் இதில் எதிரெதிர்ப் பக்கம் நிற்பதாகச் சிசெரோ எழுதுகிறார். வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பிடித்திருந்ததால் வாங்கினான், தன் சரக்கின் குறையைத் தானே கூவி விற்கும் வியாபாரி எங்காவது உண்டா என்பது குருவின் கட்சி. வழி தெரியாமல் நிற்பவனுக்கு வழி சொல்லாமல் போவதே பாவம், இதுவோ தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் அனுப்புவது என்பது சிஷ்யரின் கட்சி.

சிசெரோ சிஷ்யர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார். வெறுமனே பேசாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார். தெரிந்துகொள்ள வேண்டியவனுக்கு அது தெரியக் கூடாது என்று, நம் லாபத்துக்காக நாம் விரும்பினால் அதுதான் மறைப்பது.

இது தத்துவத்தோடு நிற்கவில்லை. ரோமில் செலியன் குன்றின் மேல் கிளௌதியுஸ் என்பவருக்கு ஒரு வீடு இருந்தது. பறவைச் சகுனம் பார்க்கும் பூசாரிகளுக்கு அதன் உயரம் பார்வையை மறைத்ததால், மேல்பகுதியை இடிக்கும்படி உத்தரவு வந்தது. கிளௌதியுஸ் இடிக்கவில்லை. வீட்டை விற்பனைக்கு அறிவித்து, கல்பூர்னியுஸ் என்பவரிடம் விற்றுவிட்டார். அதே உத்தரவு பிறகு கல்பூர்னியுஸுக்கு வந்தது. அவர் மாடியை இடித்தார். இடித்த பிறகுதான், விற்றவருக்கு உத்தரவு முன்பே தெரியும் என்பது அவருக்குத் தெரியவந்தது. வழக்கு மார்க்குஸ் கேட்டோ என்பவரிடம் வந்தது. தெரிந்தும் சொல்லாததால் நஷ்டத்தை விற்றவரே ஈடுசெய்ய வேண்டும் என்று அவர் தீர்ப்பளித்தார்.

அனுமதி இல்லாமல் மூடிய பால்கனி, வரைபடத்தில் இல்லாத மொட்டை மாடி அறை, நோட்டீஸ் வந்த கட்டடம் என்று இன்று நாம் பேசும் பிரச்சினைகளை எண்ணிப் பார்த்தால், அந்தத் தீர்ப்பு நேற்று வந்தது போலத் தோன்றும்.

பிற்காலத்து இங்கிலாந்தின் வழக்குச் சட்டம் தியோகேனஸின் கட்சிக்கு நெருக்கமாகப் போனது. வாங்குபவரே எச்சரிக்கையாக இருக்க வேண்டும், பார்த்து வாங்காதது அவர் தவறு என்ற கொள்கை வீடு, நிலம் விற்பனையில் நெடுநாள் கோலோச்சியது. பொய் சொன்னால் குற்றம், பேசாமல் இருந்தால் பெரும்பாலும் குற்றமில்லை என்ற நிலை.

கண்காட்சியாக மாறிய வீடு

20-ம் நூற்றாண்டு தொடங்கியபோது வீட்டைக் காட்டுவது ஒரு பொது நிகழ்ச்சியாகவே மாறியது. லண்டனில் 'டெய்லி மெயில்' நாளிதழ் 1908-ல் லட்சிய வீட்டுக் கண்காட்சியைத் தொடங்கியது. ஒலிம்பியா அரங்கில் மக்கள் காசு கொடுத்து உள்ளே போய், வீடு எப்படி இருக்கலாம் என்று பார்த்தார்கள்.

அமெரிக்காவில் 1922-ல் 'தி டெலினியேட்டர்' என்ற மகளிர் பத்திரிகையின் ஆசிரியர் மேரி மெலனி 'பெட்டர் ஹோம்ஸ் இன் அமெரிக்கா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர் அதற்குத் தலைமை தாங்கினார். ஊர்தோறும் ஒரு குழு அமைத்தார்கள். அதில் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் ஊரில் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, நாற்காலி மேசை, திரைச்சீலை, சமையலறைச் சாமான் எல்லாம் வைத்து, ஒரு வாரம் பொதுமக்களுக்குத் திறந்து காட்டுவார்கள். நடுத்தரக் குடும்பம் சிக்கனமாக, சுத்தமாக, வசதியாக வாழும் வீடு எப்படி இருக்கும் என்பதுதான் பாடம். விற்பனை நேரடி நோக்கமாக இல்லாவிட்டாலும், சாமான் நிரப்பிய மாதிரி வீட்டைப் பார்த்து "இதில் நாம் குடியிருந்தால் எப்படி இருக்கும்" என்று கற்பனை செய்யும் பழக்கம் மக்களிடம் இப்படிப் பரவியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்தக் கற்பனை பெரிய வியாபாரமானது. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் லெவிட் நிறுவனம் 1947 முதல் 1951 வரை 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. 1949-ல் 7,990 டாலர் விலையில் புது மாதிரி வீடுகளைக் காட்டியபோது, விற்பனை தொடங்குவதற்கு நாட்களுக்கு முன்பிருந்தே மக்கள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள்.

ஆனால் அந்த வீடுகள் எல்லோருக்கும் காட்டப்படவில்லை. வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று லெவிட்டின் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-ல் சொன்ன பிறகும் வழக்கம் தொடர்ந்தது. வீடு விற்பதிலும் காட்டுவதிலும் இன வேற்றுமை பார்ப்பதை 1968-ல் வந்த சட்டம்தான் நாடு முழுதும் குற்றமாக்கியது. வாங்க வந்தவரை விரட்டிவிடுவது அழுக்குச் சுவரோ உடைந்த குழாயோ மட்டுமல்ல, வாசலில் கேட்கப்படும் கேள்வியும்தான் என்பதற்கு இது சாட்சி. வீடு பார்க்க வந்தவர்களிடம் லிஃப்டில் வைத்து, "நீங்க எந்த ஊர், என்ன ஆளுங்க, சைவமா அசைவமா?" என்று விசாரிக்கும் பழக்கம் நம் ஊரிலும் இருக்கிறது. அது விற்பவருக்குச் செய்யும் நஷ்டம் இருக்கட்டும், வருபவருக்குச் செய்யும் அவமானம் பெரிது.

சியாட்டில், 1972

மாதிரி வீடு புதிது, அதில் யாரும் குடியிருக்கவில்லை. ஆட்கள் குடியிருக்கும் பழைய வீட்டை எப்படிக் காட்டுவது? இதைத் தனித் தொழிலாகவே ஆக்கியவராகச் சொல்லப்படுபவர், சியாட்டில் பகுதியைச் சேர்ந்த பார்ப் ஷ்வார்ஸ். நாடகத்திலும் உள் அலங்காரத்திலும் அனுபவம் உள்ள அவர் வீட்டு விற்பனை முகவரானார். 'வீடு அழுக்காக இருக்கிறது, சாமான் அதிகம்' என்று வீட்டுக்காரரிடம் நேரடியாகச் சொன்னால் அவர் மனம் புண்படும். அதனால் 1972-ல் அவர் நாடகத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார். வீட்டை ஒரு மேடையாக நினைப்போம், பார்க்க வருபவர்கள் பார்வையாளர்கள், மேடையைத் தயார் செய்வோம் என்றார். 'ஸ்டேஜிங்' என்ற பெயர் அப்படி நிலைத்தது.

அவர் சொன்னதன் சாரம் எளிமையானது. நாம் வாழும் வீடு ஒரு மாதிரி இருக்கும், விற்கும் வீடு வேறு மாதிரி இருக்க வேண்டும். வாழும் வீட்டில் நம் கல்யாணப் போட்டோ, பிள்ளைகள் வாங்கிய கோப்பைகள், பரணில் பழைய பெட்டிகள் எல்லாம் நிறைந்திருக்கும். அவை நமக்கு நினைவுகள். வருபவருக்கு அவை அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட கூச்சத்தைத் தரும். கூச்சத்தோடு வந்தவர் அலமாரியைத் திறந்து பார்க்க மாட்டார், குழாயைத் திருகிப் பார்க்க மாட்டார், சீக்கிரம் கிளம்பிவிடுவார். சாமானைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்டினால், அவர் தன் கட்டிலையும் பீரோவையும் எங்கே போடலாம் என்று மனதுக்குள் அளந்து பார்ப்பார்.

தொழில் பரவியபோது அதில் தந்திரங்களும் சேர்ந்துகொண்டன. ஆட்கள் வரும் நேரத்தில் அடுப்பில் ரொட்டி சுடுவது, காபி மணம் வரச் செய்வது, அறை பெரிதாகத் தெரியச் சின்னக் கட்டிலைப் போடுவது என்று யோசனைகள் பெருகின. ரொட்டி வாசனைவரை பரவாயில்லை. ஓதம் பிடித்த சுவருக்கு முன்னால் உயரமான அலமாரியை நகர்த்தி வைத்தால், அங்கே பித்தியுஸின் படகுகள் வந்துவிட்டன என்று பொருள்.

கலிபோர்னியாவின் மண்சரிவும் நியூயார்க்கின் பேயும்

ஸ்டேஜிங் வளர்ந்த அதே ஆண்டுகளில், மறைத்து விற்பவர்கள் மேல் அமெரிக்க நீதிமன்றங்களின் பிடி இறுகியது. மூன்று வழக்குகளை மட்டும் சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி 76,000 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். பத்து ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டில் ஒரு பெண்ணும் நான்கு குழந்தைகளும் கொலை செய்யப்பட்டிருந்தார்கள். விற்றவர் அதைச் சொல்லவில்லை, அண்டை வீட்டுக்காரரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். கிரயம் முடிந்த பிறகு அக்கம்பக்கத்தார் மூலம் விஷயம் தெரிந்தது. அந்தப் பெண்மணியின் வழக்கைத் தள்ளுபடி செய்ய முடியாது, விசாரிக்க வேண்டும் என்று 1983-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. விலையைக் கணிசமாகக் குறைக்கும் விஷயமாக இருந்தால், சுவரில் விரிசல் இல்லாவிட்டாலும் அதுவும் குறைதான் என்பது அதன் கருத்து.

அதே மாநிலத்தில் 1976-ல் 1,70,000 டாலருக்கு விற்கப்பட்ட ஒரு வீடு, சரியாக இறுகாத நிரப்பு மண்ணின் மேல் நின்றது. முன்பே அங்கே மண் சரிந்திருந்தது. விற்றவர்கள் அதைச் சொல்லவில்லை. வீட்டைக் காட்டிய முகவர்களுக்குச் சில அறிகுறிகள் கண்ணில் பட்டும் அவர்கள் விசாரிக்கவில்லை. வாங்கிய பிறகு மண் மறுபடி சரிந்து வீடு பெரிதும் சேதமானது. முகவருக்கும் வீட்டைக் கவனமாகப் பார்த்துச் சொல்லும் கடமை உண்டு என்று 1984-ல் தீர்ப்பு வந்தது. இதைத் தொடர்ந்து, வீட்டின் குறைகளை ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்த பிறகே விற்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 1987 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

மூன்றாவது வேடிக்கையானது. நியூயார்க் மாநிலத்து நயாக் ஊரில் ஒரு பழைய வீடு. அதில் பேய்கள் இருப்பதாக வீட்டுக்கார அம்மாளே பல ஆண்டுகள் பத்திரிகைகளில் சொல்லிப் பிரபலமாக்கியிருந்தார். வெளியூரிலிருந்து 6,50,000 டாலருக்கு வாங்க வந்தவருக்கு இது தெரியாது. தெரிந்ததும் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். ஊருக்கெல்லாம் பேய் வீடு என்று சொன்னவர், வாங்குபவரிடம் மட்டும் இல்லை என்று சொல்ல முடியாது, ஆகவே சட்டத்தின் பார்வையில் அங்கே பேய் உண்டு என்றே எடுத்துக்கொள்வோம் என்று 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, ஒப்பந்தத்திலிருந்து அவர் விலக வழிவிட்டது. எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் வாங்குபவர் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதுதான் அதில் முக்கியமான வாதம்.

நம் நாட்டில் 1882-லேயே

அமெரிக்க நீதிமன்றங்கள் இப்படி அடியடியாக நகர்ந்து வந்த இடத்தின் பெரும்பகுதியை, இந்தியாவில் ஒரே சட்டப் பிரிவு முன்பே எழுதி வைத்துவிட்டது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ம் பிரிவு அது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நாம் ஒருவருக்கொருவர் வீடு விற்கும்போது, வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, இதுதான் பொருந்தும்.

சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை ஒன்று இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்கவும் முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வாங்குபவர் கேட்டால் உரிமைப் பத்திரங்களைக் காட்ட வேண்டும். சொத்து பற்றிக் கேட்கும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும். விற்பனை நாள்வரையுள்ள வரி முதலிய பொதுக் கட்டணங்களைச் செலுத்த வேண்டும். குறையைச் சொல்லாமல் விடுவதை மோசடி என்றே அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது.

வாங்குபவருக்கும் அதில் கடமை உண்டு. விற்பவரின் உரிமை அவர் நினைப்பதைவிட மதிப்பு வாய்ந்தது என்பது வாங்குபவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவரும் அதைச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியும் குறைகளைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்புதான். உடைந்த டைல்ஸைப் பார்த்துவிட்டு வாங்கியவர் பிறகு புகார் சொல்ல முடியாது. பெயின்டுக்குப் பின்னால் இருந்த கசிவைப் பற்றிச் சொல்லலாம்.

மாதிரி வீட்டுக்கும் இப்போது சட்டம் வந்துவிட்டது. 2016-ல் நிறைவேறிய ரெரா சட்டத்தின் 12-ம் பிரிவு, விளம்பரத்தையோ மாதிரி பிளாட்டையோ நம்பிப் பணம் கட்டியவர், அதில் காட்டியது பொய் என்று தெரிந்து நஷ்டப்பட்டால் கட்டுநர் ஈடு தர வேண்டும் என்கிறது. 14-ம் பிரிவு, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளைக் கட்டுநரே சரிசெய்ய வேண்டும் என்கிறது. இவை கட்டுநர்களுக்கானவை. குடியிருந்த வீட்டை நாம் மறுவிற்பனை செய்யும்போது 1882-தான் துணை.

நம் குடியிருப்புக்கு வருவோம்

இந்த வரலாறு முழுவதும் ஒரே ஒரு கோட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறது. வீட்டில் இருப்பதை நன்றாகத் தெரியும்படி செய்வது தயாரிப்பு. இருப்பதைத் தெரியாமல் செய்வதும், இல்லாததைக் காட்டுவதும் மறைப்பு. பெயின்ட் அடிக்கலாமா என்ற கேள்விக்கும் இதுவே விடை. கசிவைச் சரிசெய்துவிட்டு அடித்தால் அது தயாரிப்பு. சரிசெய்யாமல் அடித்தால் மறைப்பு.

இதை மனதில் வைத்து, வீடு காட்டப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்:

1. முதலில் சாமானைக் குறையுங்கள். பரண், பால்கனி, கதவுக்குப் பின்னால் தொங்கும் துணி, ஹாலில் நிற்கும் சைக்கிள் ஆகியவற்றை ஒழித்தாலே பாதி வேலை முடிந்தது. பூஜை அறையைக் கலைக்க வேண்டியதில்லை. நம் ஊரில் அதைப் பார்த்து யாரும் கூச்சப்படுவதில்லை.

2. குறைந்த செலவில் சரியாகும் குறைகளைச் சரிசெய்துவிடுங்கள். சொட்டும் குழாய், எரியாத விளக்கு, மூடாத ஜன்னல், அடைத்த பாத்ரூம் வடிகால். சின்னக் குறை கண்ணில் பட்டால், கண்ணில் படாத பெரிய குறை இருக்குமோ என்று வருபவர் நினைப்பது இயல்பு.

3. பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். திரைகளை விலக்கி ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ரூம் ஸ்ப்ரேயைத் தவிர்ப்பது நல்லது, ஓத வாசனையை மறைக்கிறார்களோ என்ற சந்தேகம்தான் வரும்.

4. அறைக்கு அறை கூடவே போய்ப் பெருமை பேசாதீர்கள். கதவைத் திறந்துவிட்டு, கேட்டால் பதில் சொல்லும் தூரத்தில் இருங்கள். கணவனும் மனைவியும் தனியாகப் பேசிக்கொள்ளப் பத்து நிமிடம் கொடுங்கள்.

5. சென்னையில் யார் வந்தாலும் கேட்கும் கேள்வி, "2015 வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்தது?" என்பதுதான். உள்ளதைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வாட்ச்மேனோ எதிர் வீட்டுக்காரரோ சொல்லத்தான் போகிறார்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன மற்ற எதையும் வந்தவர் நம்ப மாட்டார்.

6. ஒரு கோப்பில் கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்றிதழ், அனுமதி பெற்ற வரைபடம், சொத்து வரி, மின்கட்டண ரசீதுகள், பிரிக்கப்படாத பாகத்தின் அளவு, கார் பார்க்கிங் பற்றிய ஆவணம், பராமரிப்புக் கட்டண பாக்கி இல்லை என்ற சங்கக் கடிதம் ஆகியவற்றை வைத்திருங்கள். கசிவுக்கு வேலை செய்திருந்தால் எப்போது, என்ன செய்தது என்ற பில்லையும் சேருங்கள். சரிசெய்த குறை, பில்லோடு காட்டும்போது வீட்டின் நல்ல அம்சமாகவே ஆகிவிடும்.

மற்ற குடியிருப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருபவர் முதலில் பார்ப்பது வீட்டை அல்ல. கேட், படிக்கட்டு, லிஃப்ட், மாடிப் படியில் கிடக்கும் செருப்பு, குப்பைத் தொட்டி ஆகியவற்றைத்தான். இவை நம் பொதுச் சொத்து. பக்கத்து வீடு என்ன விலைக்குப் போகிறது என்பதில்தான் நம் வீட்டின் மதிப்பும் இருக்கிறது. அவர்கள் ஏதாவது கேட்டால் மரியாதையாக, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கானியுஸுக்கு உண்மை சொன்ன அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம் குற்றமில்லை. ஒரு நாள் முன்னால் கேட்டிருந்தால் இன்னும் உதவியாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

குறையைச் சொன்னால் விலை கொஞ்சம் குறையலாம், ஓரிருவர் திரும்பியும் போகலாம். மீதி இருப்பவர் தெரிந்தே வாங்குகிறவர். குடிவந்த பிறகு நம் சங்கக் கூட்டத்தில் முதல் நாளே கோபத்தோடு எழுந்து நிற்காத உறுப்பினரும் அவர்தான்.